எருவும் கூட்டுறவும்: ஜே.சி. குமரப்பா

இயற்கை முறையில் விளைந்ததைத் தனியாளாக மண்டிக்குக் கொண்டுபோனால், ரசாயன உரமிட்ட சரக்கின் விலைதான் கிடைக்கிறது. கூடி விற்கும் வழியை அன்றே கூறியவர் ஜே.சி. குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கையும், அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தார். காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறி, அகில இந்திய கிராமத் தொழில் சங்கச் செயலாளரானார். ரசாயன உரத்தை எதிர்த்து, தொழு உரத்தையும் மட்கு உரத்தையும் வலியுறுத்தினார்.

காங்கிரஸ் விவசாயச் சீர்திருத்தக் குழுத் தலைவராக, சிறு விவசாயிகளின் கடனுக்கும் விற்பனைக்கும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை 1949-ல் பரிந்துரைத்தார். இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளில் மறைந்தார்.

மண்ணை வளமாக்குவது பாதி வேலை. ஒரே ரகத்தைப் பயிரிட்டு, சங்கத்தின் பெயரில் எடைபோட்டு விற்பது மீதி வேலை.