ஒற்றியூர்ச் சாலையில் உறங்காத வள்ளலார்

திருவொற்றியூர் தேரடியில் நள்ளிரவில் நின்று பாருங்கள். ஊர் உறங்கியிருக்காது. துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருக்கும். எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். காசிமேட்டிலோ விடியுமுன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். பகலையும் இரவையும் மாற்றிப் போட்டுப் பிழைக்கும் மக்கள் நிறைந்த பகுதி, வடசென்னை.

ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன், இதே வழியில் ஓர் இளம்பிள்ளை நடந்து வருவார். அப்போது துறைமுகம் இல்லை. அதைக் கட்டும் வேலை 1875-ல்தான் தொடங்கிற்று. ஆலைகளும் இல்லை. ஒரு புறம் கடல், மறு புறம் தோப்பும் துரவும், இடையிடையே மீனவர் குப்பங்கள். ஏழுகிணற்றிலிருந்து ராயபுரம் வழியாக 7, 8 கிலோமீட்டர் நடந்து ஒற்றியூர்க் கோயிலை அடைவார். வெள்ளை வேட்டியால் உடம்பைப் போர்த்திக்கொண்டு, கையை வீசாமல், தலை குனிந்து செல்லும் அந்தப் பிள்ளைதான் பின்னாளில் வள்ளலார் என்று நாடு போற்றிய இராமலிங்க சுவாமிகள்.

சுவாமிகள் பாடிய பாட்டுக்களை அறியாதார் இல்லை. ஆனால் அவர் இரவுகளை எப்படிக் கழித்தார், உறக்கத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைப் பலர் அறியார். தூக்கமின்றித் தவிப்போர் பெருகிவிட்ட இக்காலத்தில் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. தவறாகத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஏழுகிணற்று வீடு

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர்; பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லி வந்தவர். ஐந்தாவது குழந்தையான இராமலிங்கம் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் காலமானார். தாயார் சின்னம்மை பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்துக்காரர். குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்தார். பிறகு சென்னப் பட்டணத்தில் ஏழுகிணறு, வீராசாமி பிள்ளை தெருவில் குடியேறினார்.

மூத்த மகன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியையும் படிக்க வைத்து ஆளாக்க வேண்டுமென்பது அவர் ஆசை. தம்பியோ பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. சோறு போடக்கூடாது, வீட்டில் சேர்க்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஆனால் அண்ணியார் பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவர் அறியாமல் பிள்ளைக்குச் சோறிட்டு வந்தார். பிறகு மாடியில் ஓர் அறையும் கிடைத்தது. அந்த அறையில் கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி வைத்து இராமலிங்கர் தியானத்தில் அமர்ந்தார். உறங்காத இரவுகளின் தொடக்கம் அது.

முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் வீட்டில் சேக்கிழார் புராணப் பிரசங்கம். அண்ணனுக்கு உடல்நலமில்லை. இரண்டு பாட்டுச் சொல்லி ஒப்பேற்றிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார். சென்ற பிள்ளை இரவு நெடுநேரம் பொருள் விரித்துப் பேசக் கூட்டம் அசையாமல் கேட்டதாம். படிக்காத தம்பி யார் என்பது அன்றுதான் அண்ணனுக்குப் புரிந்தது.

அடைத்த கதவு

பன்னிரண்டு வயதளவில் தொடங்கிய ஒற்றியூர்ப் பயணம், 1858-ல் சென்னையை விட்டு நீங்கும் வரை நிற்கவில்லை. தியாகராசப் பெருமானையும் வடிவுடை அம்மனையும் வழிபட்டுத் திரும்ப இரவு வெகுநேரமாகிவிடும். வடிவுடை மாணிக்க மாலை இந்த அம்மன் மேல் பாடப்பட்டதே.

ஒருநாள் இரவு. வழக்கத்துக்கு மேலும் தாமதமாகிவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டி எழுப்ப மனமில்லை. பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். சற்று நேரத்தில் அண்ணியார் வந்து எழுப்பி, இலையில் சோறு பரிமாறிச் சென்றார். உண்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். மறுபடியும் அண்ணியார் வந்து எழுப்பினார். பசியோடு படுத்துவிட்டாயே, சாப்பிட வா என்றார். இப்போதுதானே உணவளித்தீர்கள் என்று இராமலிங்கர் திகைக்க, அண்ணியாரும் திகைத்தார். முதலில் வந்தவர் ஒற்றியூர் வடிவுடை அம்மனே என்று அடியார்கள் நம்பிக்கையோடு கூறுவர்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளம். ஆனால் இக்கதையில் ஒரு பாடம் உண்டு. நேரங்கெட்ட நேரத்தில் வந்த பிள்ளையை வையாமல், முதலில் வயிற்றைக் கவனித்த ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். இந்தப் பாடத்துக்குப் பின்னர் வருவோம்.

ஒற்றியூர்த் தேரடித் தெருவில் ஒரு நிர்வாண சந்நியாசி இருந்தார். போவோர் வருவோரைப் பார்த்து மாடு போகிறது, நாய் போகிறது என்று சொல்வது அவர் வழக்கம். இராமலிங்கரைக் கண்ட அன்று மட்டும், இதோ ஒரு மனிதர் போகிறார் என்று சொல்லி உடம்பை மறைத்துக்கொண்டாராம்.

விளக்கு எரிந்த இரவு

1850-ல் தமக்கை மகள் தனக்கோடியை மணந்தார். குடும்ப வாழ்வில் மனம் செல்லவில்லை. 1858-ல் சென்னையை விட்டுத் தென்னாற்காட்டுப் பக்கம் போனவர், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கும் இரவெல்லாம் விளக்கொளியில் எழுதிக்கொண்டிருப்பார்.

எண்ணெய்க் கலயம் உடைந்து போகவே, ரெட்டியார் மனைவி முத்தியாலம்மாள் புதுக் கலயம் ஒன்றில் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வெளியூர் சென்றிருந்தார். எழுத்தில் ஆழ்ந்திருந்த சுவாமிகள் அதையே எண்ணெய் என்று நினைத்து விளக்கில் வார்த்தார். விடியும்வரை விளக்கு நின்று எரிந்தது என்பது அவர் வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. கோயிலில் இரவும் பகலும் விளக்கு அணையாமல் காத்த கலிய நாயனார் பிறந்தது இந்த ஒற்றியூரில்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1865-ல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவர்களுக்குச் சோறு கிடைக்கிறது. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபை வழிபாடு தொடங்கிற்று. 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. அப்போது அவருக்கு வயது 50.

அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார், சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர். குருநாதர் ஓய்வெடுத்து யாரும் கண்டதில்லை என்றும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சில கவளமே உண்பார் என்றும் 1882-ல் அவர் வாக்குமூலம் அளித்திருக்கிறார்.

விழிப்பு வேறு, தவிப்பு வேறு

இதைப் படித்துவிட்டுச் சிலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வள்ளலாரே தூங்கவில்லை, நமக்கு மட்டும் தூக்கம் எதற்கு என்கிறார்கள். தூக்கம் வராத நோயைத் தவம் என்று எண்ணி ஏமாறுகிறார்கள்.

சுவாமிகள் உறக்கத்தை அலட்சியம் செய்தவரல்லர். உணவு, உறக்கம், ஆண் பெண் உறவு, பயம் ஆகிய நான்கிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமென்று வற்புறுத்தியவர். அன்றாட ஒழுக்கத்துக்கு அவர் வகுத்த விதிகளில் உறக்கத்துக்குத் தனி இடம் உண்டு. பகலில் உறங்கலாகாது, படுக்கும்போது இடப்பக்கமாகப் படுக்க வேண்டும், சூரியன் உதிக்குமுன் எழுந்துவிட வேண்டும். உறக்கத்தைக் குறைக்கச் சொன்னதும் உண்மையே. ஆனால் அது சாதகர்களுக்குச் சொன்னது. சிறுகச் சிறுகப் பழகச் சொன்னது. அவர் விழித்தது தம் விருப்பத்தால். விரும்பியும் உறங்க முடியாதவனின் நிலை அதுவன்று.

விரும்பியும் உறங்க முடியாதவர்களில் ஒரு வகையாரை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் ஒன்றுமில்லை. சாயங்காலமானால் காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும். படுத்ததும் உளைச்சல், குடைச்சல். காலை அசைத்தே தீர வேண்டும் என்று தோன்றும். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்பும். இப்படியே இரவு கழியும். காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். பேய் மாதிரி நடுநிசியில் நடக்கிறான் என்று வீட்டார் அலுத்துக்கொள்வார்கள். பாவம், அவன் என்ன செய்வான்?

இது கெட்ட பழக்கமன்று, நோய். 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதை எழுதி வைத்தார். 1945-ல் சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் விரிவாக ஆராய்ந்து, ஓய்வற்ற கால்கள் என்று பெயரிட்டார். உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்தால் இது வரலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் வருவதுண்டு. பரம்பரையாக வருவதும் உண்டு. ஆகவே மருத்துவர் முதலில் ரத்தத்தில் இரும்புச் சத்தின் சேமிப்பைச் சோதித்துப் பார்ப்பார்.

மருந்திலும் கவனம் வேண்டும். தும்மல், அரிப்புக்குச் சாப்பிடும் தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளும், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும் இந்த உளைச்சலைக் கூட்டிவிடும். இந்த நோய்க்கென்றே தரும் சில மாத்திரைகள் தொடக்கத்தில் நல்ல பலன் தந்து, நாளடைவில் இரவில் வந்த தொல்லையைப் பிற்பகலுக்கே இழுத்து வந்துவிடுவதும் உண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாகவே கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்து. சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாலைக்கு மேல் காப்பி, தேநீர், மது வேண்டாம். ஷிப்டு வேலைக்காரர்கள் பகலில் உறங்கியே ஆக வேண்டும். அறையை இருட்டாக்கி, கூடியவரை ஒரே நேரத்தில் படுப்பது நலம்.

வள்ளலார் மருத்துவமும் அறிந்தவர். பல மூலிகைகளின் குணங்களை எழுதி வைத்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த பொடியைக் காலையில் பாலில் கலந்து பருகச் சொன்னார். கரிசலாங்கண்ணி சோகைக்குச் சித்த மருத்துவர் கையாளும் கீரை. கீரை நல்லதுதான், ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு அது ஈடாகாது. உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, பிணி, தாகம், இச்சை, எளிமை, பயம், கொலை என்று அவர் ஏழாக எண்ணினார். அவற்றில் பிணியும் ஒன்று. பிணியைப் போற்றச் சொன்னவரல்லர் அவர்; போக்கச் சொன்னவர்.

யார் கதவைத் திறப்பது?

இப்போது அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். இராமலிங்கர் இரவில் நேரந்தவறி வந்த பிள்ளை. ஊர் பார்வையில் ஒழுங்கில்லாதவர். அண்ணன் கண்டித்தார், அதிலும் பாசம் இருந்தது. ஆனால் அவரைக் காத்தது கண்டிப்பன்று. எழுந்து வந்து கதவைத் திறந்த அண்ணியின் கருணையே. பிற்காலத்தில் வடலூரில் அணையாத அடுப்பை மூட்டியவருக்கு, சாப்பிட்டாயா என்று நள்ளிரவில் கேட்பதன் அருமை சிறு வயதிலேயே தெரிந்திருந்தது.

இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் கண்ணை மூட முயலும் மகன். கால் உளைச்சலால் கூடத்தில் நடந்துகொண்டிருக்கும் தாய். மாத்திரை போட்டும் விடியும்வரை புரளும் தந்தை. இப்படி ஒருவர் இல்லாத வீடு வடசென்னையில் குறைவு. அவர்களைத் திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். என்ன செய்கிறது என்று கேளுங்கள். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்கள் போகட்டும். போக முடியாதவர்கள் ஒற்றியூர்க் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், அண்ணியார் பாப்பாத்தி அம்மாளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.