ஒளி ஓவியர் கேமரன் அம்மையார்

கலைத்துறையிற் புகழ் எய்தியோர் பலர் இளமையிலேயே அத்துறையிற் புகுந்தவர் ஆவர். நல்லாசிரியரை அடுத்துப் பல ஆண்டுகள் பயின்ற பின்னரே அவர்கள் பெயர் பெற்றனர். அவ்வாறு எவரிடத்தும் பயிலாது, தம் நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் காமிராவைக் கையாளத் தொடங்கி, பதினைந்தே ஆண்டுகளில் உலக நிழற்படக் கலைஞர் வரிசையில் நீங்கா இடம் பெற்றார் ஓர் அம்மையார். அவரே ஜூலியா மார்கரெட் கேமரன் ஆவார்.

கேமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் என்பவர் கிழக்கிந்தியக் கும்பினியில் உயர் அலுவல் பார்த்த ஆங்கிலேயர். தாயார் பிரெஞ்சுக் குடியிற் பிறந்தவர். இளமையில் அம்மையார் பெரும்பாலும் பிரான்சு நாட்டிலேயே கல்வி பயின்றார். 1836ஆம் ஆண்டு, உடல் நலம் பெறும்பொருட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கு அறிஞர் இருவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. ஒருவர், இலங்கையின் ஆட்சிமுறைச் சீர்திருத்தத்தில் பங்கு கொண்ட சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். மற்றொருவர், வானநூல் வல்லுநர் ஜான் ஹெர்ஷல். முன்னவரை அம்மையார் 1838ஆம் ஆண்டில் மணந்தார். பின்னவரைத் தம் ஆசிரியராகவே வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அக்கலையின் வளர்ச்சிக்கு உதவியவர்களுள் ஹெர்ஷலும் ஒருவர். ஒளி பட்டு உருவான படம் மேலும் கருத்துப் போகாமல் நிலைத்திருக்க உதவும் உப்பின் இயல்பை 1819ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தவர் அவர். கல்கத்தாவில் வாழ்ந்த அம்மையாருக்கு அவர் இக்கலையைப் பற்றி எழுதினார்; மாதிரிப் படங்கள் சிலவற்றையும் அனுப்பிவைத்தார். அன்று விழுந்த விதை முளைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1848ஆம் ஆண்டில் கேமரன் குடும்பத்தார் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். 1860ஆம் ஆண்டில் வைட் தீவில் உள்ள பிரஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் அருகருகே இருந்த வீடுகள் இரண்டை வாங்கி ஒன்றாக இணைத்தனர். இலங்கையில் தமக்கிருந்த தோட்டத்தின் நினைவாக அவ்வில்லத்திற்கு டிம்போலா எனப் பெயரிட்டனர். கவிஞர் டென்னிசன் அவர்களுக்கு அண்டை வீட்டார். அம்மையார் தாம் பெற்ற மக்கள் அறுவரோடு, பெற்றோரை இழந்த உறவினர் குழந்தைகளையும் வளர்த்தார். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்தனர். கணவர் தோட்டங்களைக் காண இலங்கைக்குச் சென்றிருந்தார். அத்தனிமையை உணர்ந்த மகளும் மருமகனும் 1863ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தனர். பொழுதைப் போக்க உதவும் என்று அவர்கள் தந்த பொருள் அவர் வாழ்வையே மாற்றியது.

அம்மையார் நிலக்கரி வைத்திருந்த கொட்டிலை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி பதித்த கோழிக்கூடு படம் பிடிக்கும் அறையாயிற்று. அந்நாளில் படம் பிடித்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தகடு ஒன்றைத் துடைத்து மாசு நீக்கி, கொலோடியன் என்னும் பசைநீரை அதன்மேல் சீராகப் பரப்புதல் வேண்டும். பின்னர் அதனை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்துதல் வேண்டும். ஈரம் உலருமுன்னரே தகட்டைக் காமிராவிற் பொருத்திப் படம் பிடித்து, உடனே துலக்குதல் வேண்டும். இவ்வாறு கிடைப்பதே நெகட்டிவ் என்னும் எதிர்ப்படம். அதில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தோன்றும். முட்டையின் வெண்கரு பூசிய தாளை அதனோடு சேர்த்து வெயிலிற் காட்டினால், தாளில் உரிய உருவம் பதியும். அதன்பின் பொன் உப்புக் கரைசலில் நிறமேற்றி, நிலைப்படுத்தி, பலமுறை நீரிற் கழுவுவர். ஒவ்வொரு படத்திற்கும் ஒன்பது வாளிக் கிணற்றுநீர் வேண்டியிருந்தது என்று அம்மையார் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். வெள்ளி நைட்ரேட்டால் அவர் விரல்கள் கருத்தன. கணவருக்குக் காட்டும் ஆர்வத்தில், ஈரம் சொட்டும் படங்களோடு அவர் உணவறைக்கு ஓடுவார். மேசை விரிப்புகளிற் கறை படியும்.

தொடக்கத்தில் தோல்வியே அவருக்குக் கிடைத்தது. அவ்வூர் உழவர் ஒருவரை, மணிக்கு அரைக் கிரவுன் கூலி பேசி அமரச் செய்து, தம் முதற்படத்தைப் பிடித்தார். ஆனால், தகட்டின் பூச்சுள்ள பக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டமையால் அப்படம் அழிந்துபோயிற்று. பின்னர்ச் சிறுவர் இருவரைப் படம் பிடிக்க முயன்றார். அவர்களுள் ஒருவர் சிரித்துவிட அதுவும் பாழாயிற்று. அம்மையார் மனம் தளரவில்லை. 1864ஆம் ஆண்டு ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியைத் தனியே அமர்த்தினார். அவள் அசைந்தால் எத்துணை உழைப்பு வீணாகும் என்பதை எடுத்துரைத்தார். சிறுமி அசையாதிருந்தாள். அன்றிரவே அப்படத்தை அச்சிட்டு, சட்டமிட்டு, அவள் தந்தையாரிடம் சேர்ப்பித்தார். தம் முதல் வெற்றி அதுவே என்று அம்மையார் அப்படத்தின்மீது குறித்து வைத்தார்.

காமிரா என்பது உள்ளதை உள்ளவாறு காட்டும் பொறியே என்றும், அதனைக் கொண்டு கலை படைத்தல் இயலாது என்றும் அக்காலத்தில் பலர் கருதினர். இக்கருத்தை மறுத்தவர்களும் இருந்தனர். ரெய்லாண்டர் என்பவர் 1857ஆம் ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே படமாக அமைத்தார். ஹென்றி பீச் ராபின்சன் 1858ஆம் ஆண்டில் ஐந்து எதிர்ப்படங்களை இணைத்து, நோயுற்று மெலியும் பெண் ஒருத்தியின் காட்சியை ஆக்கினார். இணைப்பின் தடம் தெரியாதவாறு எல்லாம் தெளிவாக இருத்தலே திறமை என்பது அவர்கள் போன்றோரின் கொள்கை. தொழில்முறை நிலையங்களிலோ, வண்ணத் திரைக்கு முன் ஆளை நிறுத்தி, தலை முதல் கால் வரை உள்ளங்கையளவு அட்டையில் அடக்கித் தருவர். நாற்காலியும் தூணும் ஆடையும் தெளிவாகத் தெரியும். முகம் மட்டும் மிளகளவாய் இருக்கும்.

கேமரன் அம்மையார் இவ்விரு வழிகளையும் விட்டு வேறு வழி கண்டார். முகமே அவருக்கு முதன்மையாயிற்று. காமிராவை ஆளின் அருகே கொண்டு சென்று, தகடு நிறையுமாறு தலையை மட்டும் அமைத்தார். பின்னணியை இருளாக்கினார். ஆடையின் ஆரவாரம் கண்ணை ஈர்க்காதிருக்கக் கருந்துணி போர்த்தினார். திரைகளை இழுத்தும் விலக்கியும், ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழச் செய்தார். நெற்றியின் மேடும் கண்ணின் ஆழமும் கன்னத்தின் சுருக்கமும் அவ்வொளியில் உயிர் பெற்றன. 1866ஆம் ஆண்டில் பதினைந்து அங்குல நீளமும் பன்னிரண்டு அங்குல அகலமும் உள்ள தகடுகளைக் கொள்ளும் பெரிய காமிராவை வாங்கினார். அதன்பின் அவர் படங்களில் மனிதர் தலை ஏறக்குறைய இயற்கை அளவிலேயே தோன்றலாயிற்று.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஒளி மிகுதியாகப் புகும்பொருட்டு லென்சின் வாயைப் பெரிதாகத் திறந்து, ஆளின் மிக அருகிலிருந்து படம் பிடித்தால், கண் தெளிவாக விழும்போது காது மங்கிவிடும். மேலும், பல நிமிடம் ஒருவர் முற்றும் அசையாதிருத்தல் அரிது. ஆதலால் அவர் படங்களில் ஒருவகை மென்மையும் மங்கலும் படிந்தன. முதலில் இது தற்செயலாகவே நேர்ந்தது. ஆயினும், கண்ணுக்கு அழகாகத் தோன்றிய நிலையிலேயே லென்சை நிறுத்திவிடுதல் என்னும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். தற்செயலாக வந்ததைத் தெரிந்து ஏற்றுக்கொண்டமையால் அது அவருடைய நடையாயிற்று.

படம் பிடித்ததோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. எதிர்ப்படத்தின் பூச்சில் ஊசிமுனையால் கீறினால், அவ்விடம் தாளிற் கருங்கோடாக அச்சேறும். இதனை அறிந்து, வேண்டிய இடங்களிற் கீறித் திருத்தினார். சிற்சில வேளை ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களைச் சேர்த்து அச்சிட்டார். உடைந்த தகட்டிலும் முகம் நன்றாக இருந்தால், அதனை எறியாது அச்சிட்டார். இன்று கணிப்பொறித் திரையில் நொடிப்பொழுதிற் செய்யும் திருத்தங்களை அவர் கண்ணாடியிலும் வெயிலிலும் தண்ணீரிலும் செய்தார்.

இவற்றைக் கண்டு நிழற்பட இதழ்கள் அவரைக் கடுமையாகச் சாடின. மங்கல், கறை, விரல்தடம், கீறல் ஆகியவற்றைக் குற்றங்களாக எடுத்துக்காட்டின. ஓவியர் வாட்ஸ் போன்றோர் அவரை ஊக்கினர். 1865ஆம் ஆண்டிலேயே இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. பெர்லின் நகரில் 1865இல் வெண்கலப் பதக்கமும் 1866இல் பொற்பதக்கமும் அவர் பெற்றார். எனினும், எதிர்ப்பாளர் கூற்று முழுவதும் பொய் என்று கொள்ளுதல் நடுநிலை ஆகாது. மென்மை அவர் விரும்பியது. கறைகளுட் சில வெறும் தவறுகளே. 1869ஆம் ஆண்டில் தம் தகடுகளின் பூச்சில் வெடிப்புகள் தோன்றக் கண்டு வருந்தி, நிழற்படச் சங்கத்தாரிடமே அவர் காரணம் வினவினார். தம் கொள்கையில் உறுதியாக நின்றவர், தொழில்நுட்பத்தில் பிறர் அறிவை நாடத் தயங்கவில்லை.

பெரும்புகழ் வாய்ந்தோர் பலர் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். டென்னிசன், கார்லைல், டார்வின் ஆகியோர் அவர்களுள் சிலர். 1867ஆம் ஆண்டில் தம் ஆசானாகிய ஹெர்ஷலை அவர் இல்லத்திற்கே சென்று படம் பிடித்தார். எழுபத்தைந்து வயதான அவ்வறிஞரின் வெண்முடி சிலும்பி நிற்க, இருளிலிருந்து அவர் முகம் எழுவதுபோல் அப்படம் அமைந்துள்ளது. வானத்தை நெடுநாள் ஆராய்ந்த கண்களை அதிற் காணலாம். நிழற்படக் கலையைத் தமக்கு அறிமுகம் செய்தவருக்கு மாணவியார் செலுத்திய காணிக்கை அது.

அறிஞரை மட்டும் அவர் படம் பிடித்தார் அல்லர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பல படங்களில் கன்னி மரியாளாகக் காட்சி தருகிறார். ஏழைச் சிறுமியாக வந்து அவ்வில்லத்தில் வளர்ந்த மேரி ரயான் என்பவரும் பல படங்களில் இடம் பெற்றார். படக் கண்காட்சியின் வழியே அப்பெண்ணை அறிந்த ஹென்றி காட்டன் 1867ஆம் ஆண்டில் அவரை மணந்தார். கும்பகோணத்திற் பிறந்தவரும், 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்தியத் தேசியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவருமான ஹென்றி காட்டன் இவரே.

1875ஆம் ஆண்டில் கேமரன் இணையர் இங்கிலாந்தை விட்டு, தம் மக்கள் சிலர் வாழ்ந்த இலங்கைக்குச் சென்றனர். முதுமையில் செல்லும் பயணம் ஆதலின், தமக்குரிய சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர். இலங்கையின் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் நலிந்துகொண்டிருந்த காலம் அது. வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்நாட்டில் தகடுகளைப் பக்குவம் செய்தலும் கடினமாயிற்று. ஆயினும் அம்மையார் காமிராவைக் கைவிடவில்லை. களுத்துறையிலும் மலைநாட்டிலும் உழைக்கும் மக்களைப் படம் பிடித்தார். தோட்டங்களில் வேலை செய்தோரிற் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. டார்வினின் பெயரையும் ஹெர்ஷலின் பெயரையும் எழுதி வைத்தவர், இவ்வுழைப்பாளரின் பெயர்களை எழுதி வைக்கவில்லை. அஃது ஒரு குறையே. ஆனால், அவர்களுடைய முகங்களை அவர் கண்ணாடித் தகடு நமக்குக் காத்துத் தந்துள்ளது.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மையார் உயிர் நீத்தார். பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அவரும், மறு ஆண்டு மறைந்த அவர் கணவரும் அடக்கம் செய்யப்பட்டனர். அம்மையார் எடுத்த படங்களுள் ஏறத்தாழ 1,200 இன்று அறியப்பட்டுள்ளன. அவர் தங்கையின் வழிவந்த எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1926ஆம் ஆண்டில் அப்படங்களைத் தொகுத்த நூல் ஒன்றை வெளியிட்டார்.

காமிரா தன் முன் உள்ள அனைத்தையும் ஒன்றுபோற் காணும். எதனை நிறுத்துவது, எதனை நீக்குவது, எங்கே ஒளி விழச் செய்வது, எங்கே இருள் சூழ விடுவது என்று முடிவு செய்தல் மனிதர்க்கே உரிய செயல். அம்முடிவிலேயே கலை பிறக்கிறது. இவ்வுண்மையை, நிலக்கரிக் கொட்டிலிலும் கோழிக்கூட்டிலும் நின்று, கறை படிந்த விரல்களால் மெய்ப்பித்துக் காட்டியவர் கேமரன் அம்மையார்.