இன்ஜினியர் ஆகாத பிள்ளை எழுதிய புதையல் தீவு

டீன் ஏஜ் பசங்களுக்கு என்ன த்ரில்லர் வாங்கிக் கொடுக்கலாம்? லீவு வந்தாலே நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். பிள்ளைகளுக்கு அவர் கதைகள் போதும். பெற்றோர்கள் அவர் வாழ்க்கையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

1850 நவம்பர் 13 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தாத்தா, அப்பா, பெரியப்பாக்கள் எல்லோருமே இன்ஜினியர்கள். கலங்கரை விளக்கம் கட்டுவதுதான் குடும்பத் தொழில். பையனுக்கோ சின்ன வயதிலிருந்தே நெஞ்சுக் கோளாறு, ஓயாத இருமல். தூக்கம் வராத இரவுகளில், பார்த்துக்கொண்ட ஆயா பைபிள் கதைகளையும் மதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கதைகளையும் சொன்னார். பயந்துகொண்டே கேட்கும் அந்த ருசி அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

1867-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்த்துவிட்டார்கள். வகுப்புக்குப் போனதைவிட வெளியே திரிந்ததுதான் அதிகம். ஆனால் ஆள் மக்கு இல்லை. கலங்கரை விளக்கத்தில் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1871-ல் வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. அதே வருஷம்தான், தனக்கு எழுத்துதான் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தாமஸுக்குப் பெரிய ஏமாற்றம். சட்டமாவது படிக்க வேண்டும் என்று ஒரு சமரசம் ஆனது. 1875-ல் வக்கீலானார், ஆனால் தொழிலைப் பெரிதாக நடத்தவில்லை.

நம்ம வீடுகளில் இன்றும் நடக்கிற கதைதானே இது?

அப்புறம் தன்னைவிடப் பத்து வயது மூத்த, ஏற்கெனவே கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ள அமெரிக்கப் பெண் ஃபேனியைக் காதலித்தார். 1879-ல் வீட்டில் சொல்லாமலே கப்பலேறி, பிழைப்புத் தேடிப் போகும் ஏழைகளோடு ரயிலில் அமெரிக்காவைக் கடந்து கலிஃபோர்னியா போனார். அங்கே நோயும் வறுமையும் சேர்ந்து சாகக் கிடந்தார். கடைசியில் அப்பாதான் மனம் இளகி, வருஷத்துக்கு 250 பவுண்டு தருவதாகத் தந்தி அனுப்பினார். 1880-ல் கல்யாணம் நடந்தது.

1881 கோடையில் குடும்பமே ஸ்காட்லாந்தின் பிரேமர் கிராமத்தில் தங்கியிருந்தது. வெளியே விடாத மழை. ஃபேனியின் மகன் லாயிடுக்கு 13 வயது. பொழுது போகாமல் இருவரும் படம் வரைந்துகொண்டிருந்தபோது பிறந்தது ஒரு தீவின் வரைபடம். அதிலிருந்து தினம் ஒரு அத்தியாயம் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பையன் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. 63 வயது தாமஸும் சின்னப் பிள்ளையாட்டம் உட்கார்ந்து கேட்டார்! கதையில் வரும் பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவரே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். புத்தகம் அச்சாகும் நேரத்தில் வரைபடம் தொலைந்துபோக, அதைத் திரும்ப வரைந்ததும் அப்பாவின் இன்ஜினியரிங் அலுவலகத்தில்தான். 'புதையல் தீவு' 1883-ல் புத்தகமாக வந்தது.

12, 13 வயதுக்கு இதைக் கொடுங்கள். மாலுமிகளின் பழைய ஆங்கிலம் முதலில் கொஞ்சம் இடறும். முதல் சில அத்தியாயங்களை நீங்களே சத்தமாக வாசித்துவிட்டால் கதை பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது 1886-ல் வந்த 'கிட்நாப்ட்'. சொந்தச் சித்தப்பாவே கப்பலில் கடத்திவிட்ட பையன், கொலைப்பழிக்குத் தப்பி மலையெல்லாம் ஓடுகிறான். கூட ஓடுபவன், போரில் தோற்ற மக்களில் ஒருவன். ஊரில் மிச்சம் இருப்பவர்கள் கொடுக்கும் காசை, நாடுகடந்து பிரான்சில் இருக்கும் தங்கள் தலைவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். நம்ம பிள்ளைகள் சிலருக்கு இந்தப் பகுதியை விளக்கவே தேவையிருக்காது.

15 வயதுக்கு மேல், அதே 1886-ல் வந்த ஜெக்கிலும் ஹைடும் கதை. சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ரகசியத்தை மட்டும் முன்கூட்டியே உடைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

1887-ல் அப்பா இறந்தபின் ஸ்டீவன்சன் ஊரைவிட்டுப் போனார். பிறகு ஸ்காட்லாந்துக்குத் திரும்பவே இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொண்ட சமோவா தீவில் வீடு கட்டினார். அங்குள்ளவர்கள் அவரைத் தங்கள் மொழியில் கதைசொல்லி என்று கூப்பிட்டார்கள். அங்கே இருந்துகொண்டு அவர் எழுதியதில் பாதி ஸ்காட்லாந்தைப் பற்றித்தான். 1894 டிசம்பர் 3 அன்று, 44 வயதில் இறந்தபோது, சமோவா மக்கள் காட்டை வெட்டிப் பாதை போட்டு, வையா மலை உச்சிக்கு அவரைச் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள்.

புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் படித்துவிட மாட்டார்கள். பக்கத்தில் உட்காருங்கள். பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும் இடம் வரும்போது, அந்தப் பட்டியலைப் போட்டது பிள்ளை இன்ஜினியர் ஆகவில்லையே என்று வருந்திய ஒரு அப்பா என்று சொல்லுங்கள்.