பொம்மை விமானத்தில் விழுந்த ஹாலிவுட் ஹீரோ... ட்ரோன்களின் தாத்தா ஆன கதை!

உங்க டைனிங் டேபிள் மேல ஒரு அட்டைப் பெட்டி இருக்குனு வெச்சுக்கோங்க. மூடியில் கண்ணைப் பறிக்கும் ஒரு விமானப் படம். ஆசையா திறக்குறீங்க. உள்ளே விமானம் இல்லை. குச்சிகள், மெல்லிய மரத் தகடுகள், ஒரு கட்டு டிஷ்யூ பேப்பர், மடிச்சு வெச்ச பெரிய வரைபடம்... அவ்வளவுதான். இதை விமானமாக்க வேண்டியது உங்க வேலை.

கிட் வாங்கி மாடல் விமானம் செய்யும் எல்லோருக்கும் இந்த முதல் நிமிடம் தெரியும். 'இதெல்லாம் நமக்குத் தேவையா?' என்று மூடி வைப்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் சோற்றையும் தூக்கத்தையும் மறந்து அதிலேயே விழுந்துவிடுவார்கள். அப்படி விழுந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இப்போ சொல்லப்போறேன். அவர் சாதாரண ஆள் இல்லை. ஊமைப்பட காலத்து ஹாலிவுட் ஹீரோ. பேர், ரெஜினால்ட் டென்னி.

இன்னைக்குக் கல்யாண மண்டபத்துக்கு மேல ட்ரோன் சுத்தும்போது நாம எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டுறோம் இல்லையா? அந்த ட்ரோனின் பரம்பரையைத் தேடிப் போனா, வழியில் இவருடைய பொம்மைக் கடை வரும்.

கொல்கத்தாவில் கல்யாணம்!

1891 நவம்பர் 20. இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் இருக்கும் ரிச்மண்டில் பிறந்தார் டென்னி. அப்பா மேடை நடிகர், பாடகர். அதனால் பையனும் சின்ன வயசிலேயே மேடை ஏறிவிட்டான். படிப்பு பிடிக்கலை. 16 வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போய் குத்துச்சண்டை கத்துக்கிட்டார். கூடவே நல்ல குரலும் இருந்தது. ஒரு இசை நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். அந்தப் பயணம் அவரை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. குழுவில் இருந்த நடிகை ஐரீனைக் காதலித்து, 1913-ல் கல்யாணம் செய்துகொண்டது நம்ம கொல்கத்தாவில்தான்!

அடுத்து முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸில் சேர்ந்தார். வேலை, விமானத்தில் உட்கார்ந்து துப்பாக்கி இயக்குவது. அப்போதைய விமானம் எப்படி இருக்கும் தெரியுமா? மரச் சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, விறைப்பாக்க ஒரு பூச்சு. பெரிய சைஸ் மாடல் விமானம் என்றே சொல்லலாம். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

போர் முடிந்து அமெரிக்கா போனார். குத்துச்சண்டை தெரிந்த, பார்க்க நல்லா இருந்த ஆள். 1922-ல் தொடங்கிய 'தி லெதர் புஷர்ஸ்' என்ற குத்துச்சண்டைக் குறும்பட வரிசை அவரை நட்சத்திரமாக்கியது. அப்புறம் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வரிசையாக காமெடிப் படங்கள். 'ஸ்கின்னர்ஸ் டிரெஸ் சூட்' (1926) அவற்றில் முக்கியமானது. திரையில் அவர் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையன்.

சினிமா பேச ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. வாயைத் திறந்தால் அக்மார்க் இங்கிலாந்து உச்சரிப்பு. அமெரிக்கப் பையன் வேஷம் எடுபடவில்லை. ஹீரோ மெதுவாக நண்பன், மாமா, வக்கீல் வேடங்களுக்கு நகர்ந்தார். வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. நம்மில் பலர் அந்த இடத்தில் பழைய போஸ்டர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்திருப்போம்.

பக்கத்து வீட்டுப் பையனின் விமானம்

டென்னியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தன்னுடைய மாடல் விமானத்தைப் பறக்கவைக்கத் திண்டாடிக்கொண்டிருந்தான். போரில் நிஜ விமானத்தில் பறந்த மனுஷன் சும்மா இருப்பாரா? உதவி செய்யப் போனார். போனவர் திரும்பி வரவே இல்லை. அந்தச் சின்ன இன்ஜினின் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1934-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 'ரெஜினால்ட் டென்னி இண்டஸ்ட்ரீஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஹாலிவுட் பொலிவார்ட் சாலையில் மாடல் விமானக் கடை திறந்தார். 'டென்னிபிளேன்' என்று தன் பேரிலேயே ஒரு விமானம். அதற்கு வால்டர் ரைட்டர் என்ற பொறியாளர் உருவாக்கிய 'டென்னிமைட்' என்ற குட்டி பெட்ரோல் இன்ஜின். பசங்களுக்காக 'டென்னி ஜூனியர்' என்று இன்னொரு மாடல்.

சரி, அந்தக் காலத்துக் கிட்டை எப்படி விமானமாக்குவார்கள்? ஒரு தடவை நாமளும் செஞ்சு பார்ப்போம், வாங்க.

முதலில் வரைபடத்தைப் பலகை மேல் விரிக்கணும். அது அசல் அளவிலேயே இருக்கும். அதன் மேல் மெழுகுத் தாள் போடணும். இல்லைன்னா பசை ஒட்டி, விமானத்தோடு வரைபடமும் கிழிந்து வரும். மரம், பால்சா. தென் அமெரிக்காவில் ஈக்வடார் பக்கம் வளரும் மரம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. பிளேடால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். குச்சிகளை வரைபடத்தின் கோடுகள் மேல் அடுக்கி, குண்டூசி குத்தி நிறுத்தி, மூட்டுக்கு மூட்டு பசை வைக்கணும். உடல்பகுதியின் இரண்டு பக்கங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகவே செய்வார்கள். அப்போதான் இரண்டும் ஒரே மாதிரி வரும். ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டாலும், விமானம் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமா இழுக்கும்.

எலும்புக்கூடு ரெடியானதும் தோல் போர்த்தணும். டிஷ்யூ அல்லது பட்டுத் துணியை இறக்கை மேல் ஒட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் காயும்போது தானாக இறுகும். அதன் மேல் 'டோப்' என்ற பூச்சு. அடிச்சதும் மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். இங்கதான் பொறுமை வேணும். காயும்வரை இறக்கையைப் பலகையில் அழுத்தி வைக்காவிட்டால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கின இறக்கை பறக்காது, சுழன்று விழும்.

கடைசியாக ஒரு சோதனை. முன்விளிம்பில் இருந்து இறக்கை அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு பக்கமும் விரல் நுனி வைத்துத் தூக்கிப் பாருங்க. மூக்கும் வாலும் சமமா நின்னா சரி. வால் தொங்கினால் விமானத்தைக் கையை விட்டு அனுப்பவே கூடாது. டென்னி காலத்திலும் இதுதான் விதி. இன்னைக்கு மூணு கம்பங்களைச் சுற்றி 10 ரவுண்டு சீறிப் பாயும் ரேடியோ கன்ட்ரோல் ரேஸ் விமானத்துக்கும் அடிப்படை இதேதான். மரத்துக்குப் பதில் ஃபைபர் வந்திருக்கலாம், சமநிலை மாறலை.

கையை விட்டா போச்சு!

இவ்வளவு பாடுபட்டுச் செய்த விமானத்தை என்ன பண்ணுவாங்க? இன்ஜினைக் கிளப்பி, காற்றை எதிர்த்து விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்! ரிமோட் எல்லாம் கிடையாது. ஒரு டைமர், குறிப்பிட்ட நேரத்தில் இன்ஜினை அணைக்கும். பிறகு விமானம் மிதந்து எங்கேயோ இறங்கும். சொந்தக்காரர் பின்னாலேயே ஓடணும். வெயில் நாளில் மேலே எழும்பும் சூடான காற்றில் மாட்டினால், பல வார உழைப்பு கண் முன்னாடியே புள்ளியாகி மறைந்துபோகும்.

டென்னியின் அடுத்த அடி இங்கேதான். பறக்கிற விமானத்தைத் தரையில் இருந்து ரேடியோவால் திருப்ப முடிஞ்சா? 1935-ல் அந்த வேலையில் இறங்கினார். பொம்மைக்காக மட்டும் இல்லை. பழைய ராணுவ வீரர் ஆச்சே, வேறொரு கணக்கும் மனசில் ஓடியது. விமான எதிர்ப்புத் துப்பாக்கி வீரர்களுக்கு அப்போது பயிற்சி எப்படி என்றால், நிஜ விமானம் ஒன்று நீளமான கயிற்றில் துணிக் குழாயை இழுத்துப் போகும். அதைக் குறிபார்த்துச் சுடணும். நிஜ எதிரி விமானம் அப்படி நேராகவும் மெதுவாகவுமா வரும்? வளைந்து நெளிந்து வரும் ஆளில்லாத குட்டி விமானம் இருந்தால் வீரர்கள் நிஜமாகவே கத்துக்குவாங்க. விமானியின் உயிருக்கும் ஆபத்து இல்லை.

இன்னைக்கு நம்ம ரிமோட், வைஃபை ஓடுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் சத்தமில்லாமல் வேலை செய்யுது. அன்னைக்கு வால்வு ரேடியோ காலம். அந்தக் கண்ணாடிக் குழாய்கள், பேட்டரிகள் எல்லாவற்றையும் அதிரும் இன்ஜினுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு பறக்கணும். ஆர்.பி-1 என்று ஒன்று செய்தார். போதவில்லை. ஆர்.பி-2, ஆர்.பி-3 என்று திருத்திக்கொண்டே போனார். இதுக்கு நடுவே நடிப்பையும் விடலை. ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' (1940) படம் பார்த்திருக்கீங்களா? எஸ்டேட்டை நிர்வகிக்கும் அந்த அமைதியான நண்பர் டென்னிதான்.

அதே 1940-ல் அமெரிக்க ராணுவம் ஆர்.பி-4 மாடலில் 53 விமானங்கள் கேட்டது. அடுத்து வந்த ஓ.க்யூ-2 அடியோடு எல்லாத்தையும் மாற்றியது. இறக்கை நீளம் சுமார் 12 அடி, எடை சுமார் 47 கிலோ, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு விசிறிகள். உண்டிவில் மாதிரியான கருவியில் இருந்து சீறிக் கிளம்பும். சுடப்படாமல் தப்பித்தால் பாராசூட் விரித்து இறங்கும், மறுபடி பறக்கும். அமெரிக்காவில் பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஆளில்லா விமானம் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 'ரேடியோபிளேன்' கம்பெனி கிட்டத்தட்ட 15,000 விமானங்களைச் செய்து கொடுத்தது.

தொழிற்சாலையில் ஒரு பெண்

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் வான் நைஸில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நிறையப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அதில் ஒருவர், கணவர் கப்பலில் போயிருந்த ஓர் இளம் மனைவி. பாராசூட்டைச் சரிபார்ப்பதும், விமான பாகங்களுக்குப் பூச்சு அடிப்பதும் அவர் வேலை. போரின் கடைசிக் கட்டத்தில் பெண் தொழிலாளர்களைப் படமெடுக்க டேவிட் கானோவர் என்ற ராணுவப் புகைப்படக்காரர் வந்தார். விசிறியைக் கையில் பிடித்துச் சிரித்த அந்தப் பெண்ணின் மேல் கேமரா நின்றுவிட்டது. அந்தப் படங்கள் அவரை மாடலிங் பக்கம் திருப்பின. நோர்மா ஜீன் என்ற அந்தப் பெண்ணைத்தான் உலகம் பின்னாளில் மர்லின் மன்றோ என்று கூப்பிட்டது. புகழ் வெளிச்சத்தில் இருந்து மெல்ல நகர்ந்த ஒரு நடிகரின் தொழிற்சாலையில், இன்னொரு நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. சினிமாவில் எழுதினால்கூட நம்ப மாட்டோம்!

நெருடும் ஒரு கேள்வி

1952-ல் ரேடியோபிளேன் கம்பெனியை நார்த்ரோப் நிறுவனம் வாங்கியது. 1955-ல் அதே குடும்பத்து விமானத்தில் கேமரா ஏறியது. சுடப்படுவதற்காகப் பறந்த விமானம், வேவு பார்க்கக் கிளம்பியது. அதற்குப் பிறகு வேறு பல கைகளில் ட்ரோன்கள் ஆயுதமும் ஏந்தின. நியூஸ்ல தினமும் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பையனின் பொம்மையில் ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறதே என்று யோசித்தால் மனசு நெருடத்தான் செய்யும். டென்னி ஒரு விமானியின் உயிரைக் காப்பாற்றும் கணக்கோடு தொடங்கினார். ஆனால், அவர் விற்றது ராணுவத்துக்கு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த மனிதரைப் பார்க்கணும். பசை காயும் வரைக்கும்தான் விமானம் நம்ம கையில். அப்புறம் அது யார் கையில், எதுக்காகப் பறக்கும் என்பது நாம வரைந்த வரைபடத்தில் இருக்காது.

கம்பெனி கைமாறிய பிறகும் டென்னி நடித்தார். 'அரவுண்ட் தி வேர்ல்டு இன் 80 டேஸ்' (1956) படத்தில் பம்பாய் போலீஸ் இன்ஸ்பெக்டராக வந்தார். 1966-ல் வெளியான 'பேட்மேன்' அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று. அதில் அவருக்கு என்ன வேஷம் தெரியுமா? விநோதமான மெஷினைக் கண்டுபிடித்து, அதை வில்லன்களிடம் பறிகொடுக்கும் ஒரு பெரியவர்! தெரிந்தே கொடுத்தார்களோ என்னவோ!

1967-ல் சகோதரியைப் பார்க்க இங்கிலாந்து போனார். ஜூன் 16 அன்று, பிறந்த அதே ரிச்மண்டில், 75 வயதில் இறந்துபோனார்.

அவருடைய ஊமைப்படங்களை இப்போ தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால், நாற்பது வயசுக்கு மேல ஒரு பொம்மையைக் கையில் எடுத்து, முதல் பாடத்தில் இருந்து தொடங்கிய அந்தத் துணிச்சல் நமக்கும் ஆகும். அடுத்த லீவில் ஒரு சின்ன பால்சா கிட் வாங்குங்க. போனை சைலன்ட்ல போட்டுட்டு, வரைபடத்தை விரிச்சு, முதல் குண்டூசியைக் குத்துங்க. முதல் விமானம் விழும், கவலைப்படாதீங்க. பால்சா சீக்கிரம் உடையும், அதைவிடச் சீக்கிரம் ஒட்டும்!