டிரம்ஸ் வாசித்த குயில்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

ஆங்கிலப் பாட்டு என்றாலே காது கிழியும் இரைச்சல் என்றுதான் எண்ணியிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழி ஒருநாள் இரவு கைபேசியில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாலாட்டுப் போலத் தாழ்ந்த பெண் குரல். உடன் ஒரு பியானோ. பாடியவர் கேரன் கார்ப்பென்டர் என்றாள். அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமெரிக்க நாட்டின் நியூ ஹேவன் நகரில் 1950 மார்ச் 2ஆம் நாள் கேரன் பிறந்தார். 1963இல் குடும்பம் கலிபோர்னியாவிலுள்ள டவுனிக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ரிச்சர்டு பியானோவில் வல்லவர். பெற்றோரின் நம்பிக்கையெல்லாம் அவர் மீதே. கேரனோ, பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிப்பதற்காக இசைக்குழுவில் சேர்ந்தவர். (நம்மில் சிலர் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்த கதையும் இதுதானே!) கொடுத்த வாத்தியம் பிடிக்காமல் டிரம்ஸ் கேட்டு வாங்கினார். பெண்கள் டிரம்ஸ் வாசிப்பது அந்நாளில் அந்நாட்டிலும் அரிது. தம்மைப் பாடத் தெரிந்த டிரம்ஸ் கலைஞராகவே அவர் கருதினார்.

அண்ணனும் தங்கையும் 'கார்ப்பென்டர்ஸ்' என்ற பெயரில் 1969இல் ஏ அண்டு எம் நிறுவனத்தில் ஒப்பந்தமாயினர். முதல் இசைத்தட்டு 54ஆம் இடத்தோடு நின்றது. அப்போது நிறுவன உரிமையாளருள் ஒருவரான ஹெர்ப் ஆல்பெர்ட் ஒரு பழைய காதல் பாட்டைக் கொடுத்தார். அதுவே 'க்ளோஸ் டு யூ'. பர்ட் பாக்கராக் இசையமைக்க, ஹால் டேவிட் எழுதியது. 1963இல் ரிச்சர்டு சேம்பர்லின் பாடினார். அடுத்த ஆண்டு டியான் வார்விக் பாடினார். இருவருக்கும் அது பெயர் வாங்கித் தரவில்லை. ரிச்சர்டு அதை நிதானமான நடையில் புதிதாக அமைத்தார். உடன்பிறந்த இருவரின் குரல்களையே பலமுறை பதிவு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பெருங்குழு பாடுவதுபோல் ஆக்கினார். 1970 ஜூலையில் பில்போர்டு பட்டியலில் முதலிடம். நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தது. 1971இல் இரண்டு கிராமி விருதுகள்!

ஆனால் அந்த இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கேரன் அல்லர். ஹால் பிளெய்ன் என்ற வேறொரு கலைஞர். புகழ் வந்த பின் மேடையிலும் அவரை டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுப்பி, முன்னால் நிறுத்தினார்கள். உட்கார்ந்தால் ரசிகர்களுக்கு அவரைத் தெரியவில்லையாம். ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் போயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

1967இலேயே எடை குறைக்க உணவுக் கட்டுப்பாடு தொடங்கியிருந்தார். பின்னர் அது 'அனரெக்சியா நெர்வோசா' என்னும் நோயாயிற்று. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உண்ண மறுக்கும் நோய் அது. 1975இல் உடல் தளர்ந்து இங்கிலாந்துப் பயணமே ரத்தானது. உணவு கிடைக்காத உடல் முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் கரைக்கிறது. இதயமும் தசைதான் என்பதை வகுப்பில் படித்திருக்கிறேன். 1982இல் நியூயார்க்கில் சிகிச்சை பெற்று, எடையும் கூடித் திரும்பினார். இதயம் அதற்குள் நலிந்திருந்தது. 1983 பிப்ரவரி 4ஆம் நாள் டவுனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து மறைந்தார். வயது 32. அவர் தனியாகப் பாடிப் பதிவு செய்து, வெளியிடாமல் நிறுத்தப்பட்ட இசைத்தொகுப்பு 1996இல்தான் வெளிவந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் பட்டினி என்றால் பானையில் அரிசி இல்லை என்று பொருள். களையெடுப்பு இல்லாத நாட்களில் அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டுத் தனக்குப் பசியில்லை என்பாள். எல்லாம் இருந்தும் ஒருவர் உண்ணாமல் இறப்பாரா? ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சோறு போட வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டாள்.

அவர் விழுந்து கிடந்ததை முதலில் கண்டதே அவருடைய தாய்தான் என்றேன். அம்மா அதன்பின் ஒன்றும் பேசவில்லை.