அதிகாரம் மாற்றிய குரல், மக்கள் மீட்ட குரல்

புது தில்லி: மகாளய அமாவாசை என்றால் தமிழகத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் நாள். வங்கத்தில் அது வானொலிக்கும் உரிய நாள். அன்று அதிகாலை 4 மணிக்கு ஆகாசவாணி கொல்கத்தா நிலையம் ஒலிபரப்பும் "மகிஷாசுர மர்தினி"யைக் கேட்ட பிறகே அம்மாநில மக்களுக்கு துர்கா பூஜைக் காலம் பிறக்கிறது. அந்த ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் சண்டி சுலோகங்களை ஓதும் குரலுக்கு உரியவர் வீரேந்திர கிருஷ்ண பத்ரா. அவர் 1991-ல் மறைந்துவிட்டார். குரல் மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறது.

1905 ஆகஸ்ட் 4-ல் கொல்கத்தாவில் பிறந்த பத்ரா, ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் பட்டம் பெற்று ரயில்வேயில் பணியில் சேர்ந்தார். அக்காலத்து நடுத்தரக் குடும்பங்கள் ஏங்கிய வேலை அது. ஆனால் 1927-ல் தனியார் நிறுவனமொன்று கார்ஸ்டின் பிளேஸில் தொடங்கியிருந்த வானொலி நிலையம் அவரை ஈர்த்தது. 1928-ல் பரசுராமின் நகைச்சுவைக் கதையொன்றை நாடகமாக்கி ஒலிபரப்பினார். ரயில்வே வேலையைத் துறந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்நிறுவனம் நொடித்துப்போக, நிலையம் அரசின் வசமாயிற்று. உரிமையாளர் மாறினாலும் பத்ரா அங்கேயே இருந்தார்.

அவர் செய்யாத பணி அங்கு இல்லை எனலாம். நாடகங்களை இயக்கினார், நடித்தார், விஷ்ணு சர்மா என்ற பெயரில் மகளிர் நிகழ்ச்சி நடத்தினார், விரூபாட்சன் என்ற பெயரில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதினார். 1941 ஆகஸ்ட் 7-ல் தாகூர் மறைந்தபோது, அவரது இறுதி யாத்திரையை வானொலியில் வர்ணித்தவரும் இவரே.

வாணிகுமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்த மகிஷாசுர மர்தினி 1930-களின் தொடக்கத்தில் உருவானது. பத்ரா காயஸ்தர். பிராமணர் அல்லாத ஒருவர் சண்டியை ஓதுவதா என வைதிகர்கள் எதிர்ப்பு எழுப்பினர். வாணிகுமார் அசையவில்லை, பத்ராவே ஓதினார். வாத்தியக் குழுவில் முஸ்லிம் கலைஞர்களும் இருந்தனர் என்பதை எதிர்ப்பாளர்கள் கவனித்தார்களோ, என்னவோ. பல ஆண்டுகள் நிகழ்ச்சி நேரடியாகவே ஒலிபரப்பானது. பத்ரா கங்கையில் நீராடி, பட்டு உடுத்தி, விடியலுக்கு வெகுமுன்பே நிலையத்தில் ஆயத்தமாக இருப்பார். பிற்காலத்தில் அது ஒலிப்பதிவு செய்யப்பட்டது.

நெருக்கடி நிலைக் காலத்தில் சோதனை வந்தது. தகவல் ஒலிபரப்புத் துறை வித்யாசரண் சுக்லாவின் கையில் இருந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாகியிருந்தன. 1976 மகாளய நாளன்று பழைய நிகழ்ச்சி விலக்கப்பட்டு, ஹேமந்த முகர்ஜியின் இசையில், வங்கத் திரையின் முடிசூடா மன்னன் உத்தம்குமாரின் குரலில் புதிய நிகழ்ச்சி ஒலிபரப்பானது. இந்த மாற்றம் பத்ராவுக்கு முறைப்படி அறிவிக்கப்படவில்லை என்பர். உத்தம்குமாரே தயக்கத்துடன்தான் ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லப்படுவதுண்டு.

நேயர்கள் கொதித்தனர். தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, கூட்டம் கூடவே அஞ்சிய நாள்கள் அவை. இருந்தும் தொலைபேசியிலும் நேரிலுமாக நிலையத்தின் மீது கண்டனம் குவிந்தது. எந்தக் கட்சியும் முன்நின்று நடத்திய போராட்டம் அல்ல அது. அதே பூஜைக் காலத்தில், சஷ்டி நாளன்று, பத்ராவின் குரலை மீண்டும் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு முதல் மகாளய விடியலும் அவர் வசமே திரும்பியது. தேர்தலில் ஆட்சி வீழ்வதற்குச் சில மாதங்கள் முன்பே, ஒரு சிறிய விஷயத்தில் அதிகாரம் பின்வாங்கியிருந்தது.

நேயர்கள் மீட்டுக் கொடுத்த இடத்தை நிர்வாகம் மதித்ததா என்பது வேறு கதை. ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய நிலையக் கலைஞர்களுக்கு அந்நாளில் ஓய்வூதியம் கிடையாது. பத்ராவும் அவர்களில் ஒருவர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே நிலையத்துக்கு உழைத்தவருக்கு வருங்கால வைப்பு நிதிதான் மிஞ்சியது. முதுமையில் பணமுடையும் ஞாபக மறதியும் அவரை வாட்டின.

நிகழ்ச்சியின் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் ஆண்டுதோறும் பூஜைக் காலத்தில் விற்பனையாகிவந்தன. அவர் இறந்து 15 ஆண்டுகளுக்குப் பின், 2006 மகாளய நாளில், இசைத்தட்டு நிறுவனம் அவருடைய மகளிடம் உரிமைத்தொகைக்கான காசோலையை வழங்கியது. தொகை ரூ.50,917.