பத்தொன்பது ஏக்கர்: ஜேம்ஸ் டெயிலரின் வாழ்வும் ஒரு புதுமுயற்சியின் கணக்கும்

வணிக நிலையத்திலே புதிய யந்திரம் ஒன்றைப் புகுத்துவது எளிது. புகுந்த யந்திரம் பயன் தந்ததா என மதிப்பிடுவதே அரிது. கணினித் திட்டங்களை மேற்கொள்ளும் கம்பனிகள் யாவும் இன்று மூன்று வினாக்களுக்கு விடை தேடுகின்றன. எந்த அளவில் தொடங்குவது? பழைய முறையை எப்பொழுது கைவிடுவது? வெற்றி என்பதை எதனைக் கொண்டு தீர்மானிப்பது? இவை பற்றிப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடக்கின்றது. பெரும்பொருள் பெற்று ஆலோசனை கூறுவோரும் உளர். ஆனால், மின்விளக்கே எட்டிப் பாராத ஒரு காலத்தில், நம் மலைநாட்டுச் சரிவொன்றிலே, இவ்வினாக்களுக்குத் தம் செய்கையாலேயே விடை கண்டவர் ஒருவர் இருந்தார். அவரே இலங்கைத் தேயிலைத் தொழிலின் முன்னோடி எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெயிலர். அவர் கையாண்டது தேயிலை, கணினி அன்று. எனினும் அவர் தொடங்கிய முறையும், அளந்த முறையும், அந்த அளவையிலே விடுபட்டுப் போனதும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இளமையும் வருகையும்

ஜேம்ஸ் டெயிலர் 1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள், ஸ்கொத்லாந்திலே ஓக்கன்பிளே என்னும் சிற்றூருக்கு அணித்தாகப் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். செல்வக் குடும்பமன்று. சிறு வயதிலேயே தாயை இழந்த டெயிலர், ஊர்ப் பள்ளியிலே படித்துக்கொண்டே இளைய மாணாக்கருக்குக் கற்பிக்கும் மாணவ ஆசிரியராக இருந்தார். அக்காலத்தில் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் ஸ்கொத்லாந்து இளைஞரைக் காந்தம்போல் இழுத்துக்கொண்டிருந்தன. தாய்வழி உறவினர் ஒருவர் ஏற்கெனவே இங்கு வந்திருந்தார். அவர் சென்ற வழியையே டெயிலரும் பற்றினார். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில் 3 ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, 1852 பெப்ரவரியில் இலங்கை வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 17 கூட நிரம்பவில்லை.

வந்த சில வாரங்களிலே, கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அடர்ந்த காடும், ஓயாத மழையும், வரிச்சுக் குடிசையுமே அவரை வரவேற்றன. காடு வெட்டவும், பாதை அமைக்கவும், கோப்பி நடவும் கற்றார். அன்று காலடி வைத்த அத்தோட்டத்தைவிட்டு அவர் இறுதிவரை நீங்கவில்லை. 40 ஆண்டு வாழ்வில் அவர் எடுத்த குறிப்பிடத்தக்க விடுமுறை ஒன்றே ஒன்று. 1874ஆம் ஆண்டில் எடுத்த அவ்விடுமுறையையும் டார்ஜிலிங் சென்று தேயிலைத் தொழிலைப் பார்த்துவரவே செலவிட்டார்.

முன்னவர் கண்ட தோல்வி

தேயிலைச் செடியை இந்நாட்டிலே முதன்முதல் நட்டவர் டெயிலர் அல்லர். 1824ஆம் ஆண்டிலேயே சீனத்திலிருந்து வந்த செடிகள் பேராதனைப் பூங்காவில் நடப்பட்டன. 1841ஆம் ஆண்டளவில் புசல்லாவையிலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் வோம்ஸ் சகோதரர் சீனத் தேயிலையை நட்டனர். செடி வளர்ந்தது, இலை கிடைத்தது, தேயிலையும் செய்யப்பட்டது. ஆனால் செலவு கட்டுபடியாகவில்லை. முயற்சி கைவிடப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செடி வளரும் என்பது வேறு. அச்செடி ஒரு தொழிலாகும் என்பது வேறு. முன்னவர் முதலாவதை மெய்ப்பித்தனர். இரண்டாவதை மெய்ப்பிப்பதற்கு நிலம், பறிப்பு, பதனிடல், விலை ஆகிய நான்கையும் ஒருசேர நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. அதனைச் செய்தவர் டெயிலர்.

சோதனை மலை

லூல்கந்துர அந்நாளில் ஹரிசன், லீக் என்னும் இருவருக்கு உரியதாயிருந்தது. கோப்பி நன்றாகவே விளைந்த காலம் அது. அந்நிலையிலும் ஒரே பயிரை நம்பியிருப்பது தகாது என்னும் எண்ணம் தோட்டத்துரைமாரிற் சிலருக்கு எழுந்தது. தோட்டக்காரர் சங்கத்தின் முயற்சியால் ஆர்தர் மோரிஸ் என்பவர் அசாம் சென்று, தேயிலை மாவட்டங்களைக் கண்டு, அறிக்கை ஒன்றைத் தந்தார். டெயிலரோ அதற்கு முன்னரே சிங்கோனா மரத்தை வளர்த்து, புதுப்பயிர்ச் சோதனையில் கை பழகியவர். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவை அம்மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பர்.

1866ஆம் ஆண்டில் பேராதனையிலிருந்து பெற்ற தேயிலை விதைகளைப் பாதையோரங்களில் நட்டுப் பார்த்தார். அவை தழைத்தன. 1867ஆம் ஆண்டில் 7ஆம் இலக்க மலையிலே 19 ஏக்கர் நிலம் துப்புரவாக்கப்பட்டு, அசாம் இனத் தேயிலை நடப்பட்டது. முதலிலே பாதையோரம், பின்னர் 19 ஏக்கர்! தோற்றால் தோட்டம் தாங்கக்கூடிய அளவு. வென்றால் தெளிவாகக் கணக்கிடக்கூடிய அளவு. கோப்பி ஒரு செடியேனும் தேயிலைக்காக அவசரப்பட்டுப் பிடுங்கப்படவில்லை. பழையது நடந்துகொண்டிருக்கும்போதே புதியது அதன் அருகில் தன் தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது.

தாழ்வாரமே தொழிற்சாலை

இலை வந்துவிட்டது, அதனைத் தேயிலையாக்குவது எங்ஙனம்? இந்தியாவிலே கச்சார்ப் பகுதியில் தேயிலைத் தோட்டம் நடத்திய நோபிள் என்பவர் இவ்வழி வந்தபோது, கொழுந்து பறிக்கவும், வாட்டவும், உருட்டவும் டெயிலருக்குக் காட்டினார். அறிந்தவரிடம் கேட்டுக் கற்க டெயிலர் நாணவில்லை.

அவருடைய பங்களாவின் தாழ்வாரமே முதல் தொழிற்சாலையாயிற்று. வாடிய கொழுந்தை மேசைமீது பரப்பி, முழங்கைவரை கை படும்படி உருட்டினர். களிமண் அடுப்பிலே கரித்தணல் இட்டு, கம்பித் தட்டுகளில் இலையைப் பரப்பிச் சுட்டெடுத்தனர். இவ்வாறு கிடைத்த தேயிலை உள்ளூரிலேயே இறாத்தல் 1 ரூபா 50 சதத்துக்கு விலைபோயிற்று. முதல் மதிப்பீட்டை வழங்கியவர் உள்ளூர் வாங்குநரே.

கையால் உருட்டுவது சில இறாத்தலுக்குப் போதும். தோட்டத் தொழிலுக்குப் போதாது. 1872ஆம் ஆண்டில் டெயிலர் இலை உருட்டும் யந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். அதனை இயக்க 20 அடி நீர்ச்சக்கரம் சுழன்றது. சக்கரத் தச்சரின் மைந்தர் அல்லவா! கைமுறையில் ஒவ்வொரு படியும் தெளிந்த பின்னரே யந்திரம் வந்தது என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். கையால் செய்யத் தெரியாத ஒன்றை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது தானாகவே ஒழுங்குபடும் என எதிர்பார்ப்பதே இன்றைய கணினித் திட்டங்கள் பலவற்றின் பிழை.

சந்தையின் தீர்ப்பு

1873ஆம் ஆண்டிலே லூல்கந்துர தேயிலை 23 இறாத்தல் லண்டன் மாநகருக்கு அனுப்பப்பட்டது. உலகத் தேயிலை வணிகத்தின் நடுவிடமாக அன்று விளங்கிய மின்சிங் லேன் வணிகர் அதனை மதிப்பிட்டனர். செய்தவரே தம் செயலை மெச்சிக்கொள்வது மதிப்பீடு ஆகாது. பொருள் கொடுத்து வாங்குவோர் கூறுவதே மதிப்பீடு. அந்தத் தீர்ப்பு டெயிலருக்குச் சாதகமாயிருந்தது.

இதற்கிடையே 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு தோன்றிற்று. சிறு புள்ளியாகத் தொடங்கிய அந்தப் பூஞ்சண நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலையே வீழ்த்தியது. தோட்டத்துரைமார் பலர் கடனாளியாயினர். 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கியே முறிந்தது. அப்பொழுது மாற்றுவழி தேடியவர்களுக்கு லூல்கந்துரவில் விடை ஆயத்தமாக இருந்தது. 1875ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,000 ஏக்கராயிருந்த தேயிலை நிலம், 1895ஆம் ஆண்டளவில் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. 1883 ஜூலையிலே கொழும்பில் முதலாவது பொதுத் தேயிலை ஏலம் நடந்தது. ஹற்றன், நுவரெலியா மலைகள் பச்சைக் கம்பளம் போர்த்தன. நெருக்கடி வருமுன் தொடங்கிய சிறு சோதனையே நெருக்கடியில் ஒரு தீவைத் தாங்கிற்று.

கணக்கில் ஏறாதவர்

ஏக்கர், இறாத்தல், விலை ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் இதனினும் சிறந்த வெற்றி இல்லை. ஆனால் அந்தக் கணக்கேட்டிலே இடம்பெறாத பத்தி ஒன்று உண்டு.

கோப்பி பருவத்துக்குப் பழுப்பது. பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் தளிர்ப்பது. ஏழு முதல் பத்து நாளுக்கொரு முறை அதே செடியில் மீண்டும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே வந்தவர் திரும்ப இயலவில்லை. குடும்பங்கள் லயங்களில் குடியேறின. கொழுந்தெடுப்பது பெண்களின் தலைமேல் விழுந்தது. விடியுமுன் பெரட்டு, மாலையில் தராசு, தராசின் முள்ளைப் பொறுத்து முழுப்பேர் அல்லது அரைப்பேர் என வாழ்வு வகுக்கப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டாகத் தொடர்ந்து, 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழியும்வரை, தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது.

பயிர் மாற்றம் ஒரு மக்கட்கூட்டத்தையே நிலைகுடியாக்கியது. அவர்களுக்கு வீடு யாது, நிலம் யாது, உரிமை யாது என்னும் வினா எந்த மதிப்பீட்டிலும் எழவில்லை. எழாத வினா மறைந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது அது பேருருக்கொண்டு வந்து நின்றது. எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இறுதிப் பயணம்

இந்த ஏடு டெயிலரையும் விட்டுவைக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் தோட்டக்காரர் சங்கம் அவருடைய தொண்டைப் பாராட்டி வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்தது. ஆனால் அப்பொழுது லூல்கந்துர, ஓரியண்டல் வங்கித் தோட்டக் கம்பனியின் கைக்கு மாறியிருந்தது. 40 ஆண்டு உழைத்த மனிதரை அக்கம்பனி 1892ஆம் ஆண்டில் பதவியிலிருந்து விலகும்படி பணித்தது. தாம் உருவாக்கிய மலையைவிட்டு நீங்க அவர் மறுத்தார். அந்த வழக்கு முடியுமுன்னரே வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றியது. 1892 மே 2ஆம் நாள், தம் 57ஆம் வயதில், லூல்கந்துரவிலேயே உயிர் நீத்தார்.

பருத்து உயர்ந்த உடல் அவருடையது. பன்னிருவர் கொண்ட இரு அணியினர் முறைவைத்துத் தோள் மாற்றி, அவ்வுடலைக் கண்டி மஹையாவை இடுகாட்டுக்குச் சுமந்து சென்றனர். தோட்டத் தொழிலாளர் சாமித்துரை என்று அவரை அழைத்துப் பின்தொடர்ந்தனர் என்பர். கம்பனியின் ஏடு தள்ளிவிட்ட மனிதரை, அந்த ஏட்டில் பெயரின்றி எண்ணாக மட்டும் இருந்தவர்கள் தோள்மீது ஏற்றினர்.

நமக்குரிய பாடம்

டெயிலர் கண்ட முறை பிற்காலத்தில் கணினித் துறைக்கும் வந்தது. அதனைக் கொணர்ந்ததும் ஒரு தேயிலை வணிக நிறுவனமே என்பது வியப்பன்று. லண்டனிலே தேநீர்க் கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் கம்பனி, தன் அலுவலகக் கணக்கு வேலைக்கென லியோ என்னும் கணினியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் அதற்குக் கொடுத்த முதல் நிரந்தர வேலை, வெதுப்பகப் பண்டங்களின் மதிப்புக் கணக்கு ஒன்றே. சம்பளப் பட்டியலை அதனிடம் ஒப்படைக்குமுன், எழுத்தர்கள் போட்ட கணக்கோடு அதன் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இதுவும் கோப்பியருகே நட்ட தேயிலைதான்.

இன்று நம் மலைநாட்டிலும் அக்காற்று வீசுகின்றது. கொழும்புத் தேயிலை ஏலம், கொரோனா ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரலில் கணினி வழிக்கு மாறியது. தோட்டங்கள் பலவற்றில் மின்தராசு கொழுந்தை நிறுக்கின்றது. சிலவற்றில் அந்த எடை நேரே கணினி ஏட்டில் பதிவாகின்றது. இத்தகைய திட்டம் ஒன்றை மதிப்பிடுவோர், எழுத்து வேலை எவ்வளவு குறைந்தது, செலவு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்கின்றனர். கேட்கட்டும், அவை வேண்டிய வினாக்களே. ஆனால் கூடையை இறக்கிவைத்து நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு அந்த எண் தெரிகின்றதா? ஈரத்துக்கெனவும் கூடைக்கெனவும் கழித்த எடை எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லப்படுகின்றதா? பதிவில் பிழை நேர்ந்தால் அவள் யாரிடம் முறையிடுவது? மதிப்பீட்டுத் தாளில் இவ்வினாக்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

சிறிதாகத் தொடங்கு, அருகிருந்து கற்றுக்கொள், சந்தையிடம் தீர்ப்புக் கேள் என்பன டெயிலரின் செயல் நமக்குச் சொல்பவை. அவருடைய பத்தொன்பது ஏக்கரில் கொழுந்தெடுத்தவர்களின் வரலாறு, யாரை எண்ணாமல் விட்டோம் என்பதையும் கேட்கச் சொல்கின்றது. இந்நான்கையும் ஒருசேர எண்ணித் தொடங்கும் திட்டமே, லாபம் தருவதோடு நியாயமும் உடையதாகும்.